கடைசித் துண்டு யாருக்கு

அம்மான் நகரத்தில் மிச்சம் ஒழிப்பு மன்றம் என்று ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். கல்யாண மண்டபங்களில் மன்சஃப் தாம்பாளம் தாம்பாளமாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆட்டுக்கறி, சோறு, தயிர்க்குழம்பு, மேலே தூவிய பாதாம் பருப்பு எல்லாம் கை படாமலேயே போகும். யாராவது கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மன்றத்தார் முதலில் கல்யாண மண்டபங்களுக்குத்தான் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பந்தியின் முதலிடத்தில் உட்கார வைத்து, நல்ல கறியாகப் பிய்த்துப் போட்டு, காப்பி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள். மண்டபங்களில் மிச்சமே கிடையாது என்று அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு பாவம், மிச்சத்தைத் தேடி அவர்கள் எங்கே போவார்கள்? நாங்கள் சாப்பிடுகிற கடைகளுக்கு வந்தார்கள்.

நாங்கள் என்றால் நான், ருவைதா, நஜாஹ். ஜபல் ஹுசைன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வியாழக்கிழமை மத்தியானம் மூவரும் ஊரில் ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு வாரம் பழைய கடைத்தெருவில் படிக்கட்டுச் சந்தில் இருக்கும், வெந்த மொச்சையை மசித்துத் தரும் ஃபூல் கடை. இன்னொரு வாரம் அஷ்ரஃபியா மேட்டில் வாணலியோடு கொண்டுவந்து வைக்கும் தக்காளி வதக்கல். ருவைதாவின் மகன் காரைக் கொடுத்தால் ஸ்வைஃபியா வரைக்கும் போய் ஷவர்மா. ருவைதா வாயைத் திறந்தால் மூடமாட்டாள். நான் அவ்வப்போது மூடுவேன். நஜாஹ் எப்போதாவதுதான் திறப்பாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் குவைத்தில். வாரம் முழுக்க அவள் பேசுவது மாடிப்படிப் பூனையோடும், பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற கேஸ் வண்டிக்காரனோடும்தான். வியாழக்கிழமைக்கு மட்டும் நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் தட்டு நடுவில் இருக்கும், எல்லாரும் அதிலிருந்தே எடுப்போம். கடைசியில் ஒரு துண்டு மீதி இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. அதற்கு வெட்கத் துண்டு என்று பெயர். ‘நீ எடு’, ‘இல்ல நீ எடு’, ‘உன் பிள்ளைங்க மேல ஆணையா நீதான் எடுக்கணும்’ என்று அது தட்டோடு ஊர்வலம் போகும். அது தட்டில் இருக்கும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம். பரிமாறுகிறவனும் தட்டை எடுக்க மாட்டான். அதற்குள் தேநீர் வரும், இன்னொரு தேநீர் வரும், யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் வரும்.

ஒரு வியாழக்கிழமை, ஃபூல் கடையில் அப்படி ஒரு ஃபலாஃபில் வடை நடுவில் உட்கார்ந்திருந்தபோது, பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும், மீசை, இடுப்பில் அளவு நாடா. மார்பில் தைசீர், மிச்சக் கண்காணிப்பாளர் என்று எழுதியிருந்தது.

“இது யாரோடது?” என்றார்.

“எது?” என்றாள் ருவைதா.

“இந்த ஃபலாஃபில்.”

“அது இவளோடது” என்று என்னைக் காட்டினாள்.

“எனக்கெதுக்கு? நஜாஹ்வுக்குன்னு வச்சது” என்றேன்.

நஜாஹ் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு சொன்னாள்: “நான் நிறைய சாப்ட்டேன் தம்பி. நீங்க எடுத்துக்கோங்க. காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருப்பீங்க.”

தைசீர் ஒரு அடி பின்னால் போய், வயதான பெண்களைக் கூப்பிடுகிற முறையில் மரியாதையாகச் சொன்னார்: “ஹஜ்ஜா, பணியில இருக்கிற அதிகாரிக்கு மிச்சத்தைக் குடுக்க முயற்சி பண்றது தனிக் குற்றம்.”

“மிச்சம் இல்லப்பா. தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு ஆறல.”

“தொட்டா நான் தொடர்புடைய ஆளாயிடுவேன்” என்றார் தைசீர். மேசைமேல் நாடாவை விரித்தார். மன்றத்தின் விதிப்படி, உரிமை கோரப்படாத துண்டு யாருக்கு மிக அருகில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். ஃபலாஃபிலிலிருந்து என் வயிறுவரை அளந்தார், ருவைதாவின் வயிறுவரை அளந்தார். ருவைதா தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஏற்கெனவே அவள் தட்டை நஜாஹ் பக்கம் தள்ளித் தள்ளி, அது நஜாஹ்வின் கையை இடித்துக்கொண்டிருந்தது. படம் எடுத்துக்கொண்டு, நஜாஹ்வின் பெயரைக் கேட்டுக்கொண்டு தைசீர் போனார்.

கடைக்காரர் அபூ ஃபவ்வாஸ் கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். “நீங்க ஏதாவது சண்டை போட்டு எடுத்திருக்கலாம்ல? நாளைக்கு என் கடைக்கு மஞ்சத்தாள் ஒட்டுவாங்க.”

“நீங்களே வந்து எடுத்துக்க வேண்டியதுதானே” என்றாள் ருவைதா.

“நானா? விருந்தாளிங்க முன்னாடியா?” என்று அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே புது விதி வந்தது. உட்காரும்போதே மேசைக்கு ஒருவர் கடைசித் துண்டுப் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். நெஞ்சில் ஒரு வில்லை குத்தித் தருவார்கள். தட்டில் ஒரே துண்டு மிஞ்சியதும் அவர் அதைத் தயக்கமில்லாமல், புன்னகையோடு எடுத்துச் சாப்பிட வேண்டும். புன்னகை எதற்கு என்று தைசீரைக் கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டால் சுற்றியிருப்பவர்களின் மனத்தில் மிச்சம் தங்கிவிடுகிறதாம்.

லுவைப்தாவில் ரொட்டி சுடும் அடுப்புக்கடையில் ருவைதா வில்லையைக் குத்திக்கொண்டாள். கீரை அடைத்த ரொட்டியில் கடைசித் துண்டு வந்தது. அதைக் கையில் எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். எடுத்தாள்தான், ஆனால் இரண்டாகப் பிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மற்றதைத் தட்டில் திரும்ப வைத்தாள். தைசீர் பக்கத்து மேசையிலிருந்து எழுந்தார். ருவைதா மீதிப் பாதியையும் பாதியாக்கினாள். தைசீர் வந்து சேர்வதற்குள் தட்டில் ஒரு கீரை இழை ஒட்டிய மாவுத் துணுக்குதான் இருந்தது.

“அவ்வளவுதான், இதுக்கு மேல பிய்க்க முடியாது” என்றாள் ருவைதா.

“ஹஜ்ஜா, நீங்க செஞ்சது பெருக்கல் குற்றம். ஒரு மிச்சம் இருந்த இடத்துல பல மிச்சம் பண்ணியிருக்கீங்க.”

“எல்லாம் சேர்ந்து ஒரு துண்டுதானே தம்பி.”

“சேர்த்துக் காட்டுங்க பார்ப்போம்.”

ருவைதாவால் சேர்க்க முடியவில்லை. வில்லையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஊரில் எல்லா மேசையிலும் இதே கதை. அதனால் கடைகளுக்குச் சுற்றறிக்கை போனது: இனிமேல் கடைசித் துண்டு இல்லாமல் பரிமாற வேண்டும். அபூ ஃபவ்வாஸ் அதைப் படித்துவிட்டு, ஒரு தட்டுக்கு உரிய ஃபலாஃபிலில் ஒன்றை எடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டார். ஒன்றும் மாறவில்லை. வழக்கம்போல நடுவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவருடைய சமையலறையில்தான் வெளியே அனுப்பக்கூடாத கடைசித் துண்டுகள் அண்டா அண்டாவாகச் சேர்ந்தன.

இது மன்றத் தலைவரின் கவனத்துக்குப் போனது. தலைவர் பெயர் முன்திர், எல்லாரும் பாஷா என்பார்கள். அன்றைக்கு டிவியில் வந்தார். உயரமான ஆள், குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது.

“மக்களே, ஒரு சதியைக் கண்டுபிடிச்சிருக்கோம். கடைசித் துண்டை நாங்க எடுத்துட்டா, அதுக்கு முந்தின துண்டு உடனே கடைசித் துண்டா ஆயிடுது. அதையும் எடுத்தா அதுக்கும் முந்தினது. இதுக்குப் பின்னால யாரு இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும். எங்க ஆய்வுக்குழு வெளிநாடு போய் வந்திருக்கு. அங்கெல்லாம் ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு மேசை, யாரும் யாரையும் சாப்பிடச் சொல்றதில்ல. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பசியோட இருக்கானான்னுகூடப் பார்க்கிறதில்ல. அந்த உயரத்துக்கு நாம போகணும்.”

அந்த உயரத்துக்கு முதலில் ஏற்றப்பட்டவள் நஜாஹ். தைசீரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஃபலாஃபில் வழக்கு தீரும்வரை அவள் ஊரில் எந்த உணவகத்திலும் தனி மேசையில்தான் உட்கார வேண்டும். பக்கத்து மேசைக்குக் கை எட்டக்கூடாது. விதிமீறினால் கடை மூடப்படும்.

அந்த வியாழக்கிழமை அவள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அபூ ஃபவ்வாஸ் கண்ணைப் பார்க்காமல் அவளைச் சுவரோரம் ஒரு குட்டி மேசையில் உட்கார வைத்தார். மேலே மஞ்சள் விரிப்பு. நாங்கள் இருவரும் இந்தப் பக்கம். ருவைதா கத்திப் பேசிப் பார்த்தாள்.

“நஜாஹ், மிளகாய் வேணுமாடி?”

“என்னது?”

“மிளகா.”

நடுவில் உட்கார்ந்திருந்த டாக்ஸிக்காரர்கள் மிளகாயைக் கைமாற்றிக் கொடுக்கப் போனார்கள். தைசீர் தடுத்தார், அது தொடர் கைமாற்றம். நஜாஹ்வின் தட்டில் அவளுக்கு மட்டும் ஃபலாஃபில் வைத்திருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள், ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். யாருக்காக விட்டாளோ தெரியாது. எதிரில் சுவர்தான் இருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது சொன்னாள்: “அடுத்த வாரம் நீங்க ரெண்டு பேரும் போங்கடி. எனக்கு முட்டி வலிக்குது.”

“போன வாரம் வலிக்கலையே” என்றேன்.

“இந்த வாரம் வலிக்குது.”

அதன் பிறகு வியாழக்கிழமைகளில் போன் செய்தால் எடுத்து, பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிடுவாள். நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு துண்டு இருந்தால் அது சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. சீக்கிரமே எழுந்து வந்துவிட்டோம்.

ருவைதா தன் மருமகனின் சித்தப்பா வழியாக விசாரித்தாள். ஒரு வழி இருந்தது. குற்றவாளி மன்றத்தின் முன்னால் ஆஜராகி, தட்டில் உள்ள கடைசித் துண்டைத் தானாக முன்வந்து, யாரும் சொல்லாமல், எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினால் தனி மேசை ரத்து.

“இவ்வளவுதானா” என்று நான் சந்தோஷப்பட்டேன். எனக்குச் சந்தோஷம் எப்போதுமே கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும்.

நஜாஹ் வீட்டில் பயிற்சி தொடங்கினோம். கொத்துக்கறி அடைத்த கிப்பே பொரித்து எடுத்துக்கொண்டு போனேன். மூவரும் சாப்பிட்டோம், ஒன்று மிஞ்சியது.

“எடு” என்றாள் ருவைதா.

“நீ எடு.”

“ஏண்டி, பயிற்சி உனக்கா எனக்கா?”

“நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. எப்படி எடுக்கிறது?”

நாங்கள் திரும்பி உட்கார்ந்தோம். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தட்டு காலி. ருவைதா கை தட்டப் போனாள். அப்போது மாடிப்படியிலிருந்து பூனை நாக்கை நக்கிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தது.

அடுத்த முறை கதவைச் சாத்தினோம். அவள் துண்டை எடுத்தாள், வாய்வரை கொண்டுபோனாள். கண் கலங்கிவிட்டது. என் மகன் பெயரைச் சேர்த்து, நிடாலின் அம்மா என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள். “உம் நிடால், நீ காலைலேர்ந்து அடுப்புல நின்னு பொரிச்சுக் கொண்டுவந்திருக்கே. கடைசி ஒண்ணை நான் தின்னா எனக்குத் தொண்டையில இறங்குமா?” என்று அதை ரொட்டியில் சுற்றி என் கைப்பையில் வைத்தாள்.

“நீ காலம் பூரா சுவத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடு” என்றாள் ருவைதா. சொல்லிவிட்டு அவளே மூக்கை உறிஞ்சினாள்.

விசாரணை நாளன்று ஏழாவது வட்டம் என்கிற ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் இருந்த மன்றக் கட்டடத்துக்குப் போனோம். பளிங்குத் தரை. நீளமான மேசைக்கு நடுவில் முன்திர் பாஷா, வலப்பக்கம் செயலாளர் ரித்வான், இடப்பக்கம் சட்ட ஆலோசகர் அக்ரம். ஓரத்தில் ஒரு பெண் யார் எதைச் சொன்னாலும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பாஷா இருமினால்கூட ஒரு தட்டு தட்டினாள்.

பாஷா எழுந்து தொடக்க உரை ஆற்றினார். “ஹஜ்ஜா, பயப்படாதீங்க. இது தண்டிக்கிற இடமில்ல, திருத்துற இடம். எங்க மன்றத்தையே எடுத்துக்கோங்க. எங்ககிட்ட மிச்சம்னு ஒண்ணு கிடையாது. வருஷத்துக்குன்னு குடுத்த பட்ஜெட்டை வருஷம் பாதியாகுறதுக்குள்ள ஒரு துளி விடாம முடிச்சுட்டோம். எங்க ஆளுங்க யாருக்கும் தயக்கம்னா என்னன்னே தெரியாது.”

செயலாளர் கை தட்டினார். தைசீரும் தட்டினார்.

ஒரு பணியாள் தட்டில் ஒரே ஒரு கிப்பேயைக் கொண்டுவந்து நஜாஹ் முன்னால் வைத்தார். சட்ட ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இது செல்லாது. ஒரே துண்டை வச்சா அது முதல் துண்டு. முன்னாடி மத்ததெல்லாம் சாப்பிட்டு முடிச்சாத்தான் இது கடைசித் துண்டா ஆகும்.”

அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஒரு தாம்பாளம் நிறையக் கிப்பே வரவழைத்தார்கள். தயிரும் ஊறுகாயும் வந்தன. சட்டத்தை நிறைவேற்றுவதற்காக மன்றத்தார் சாப்பிடத் தொடங்கினார்கள். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். நஜாஹ்வை மட்டும் தனி மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று தைசீர் ஞாபகப்படுத்தினார். “இப்ப விசாரணையில இருக்காங்க, விடுப்பா” என்றார் பாஷா, வாய் நிறைய.

உண்மையைச் சொன்னால் கிப்பே நன்றாக இருந்தது. பாஷா தன் சொந்த ஊர் ஸல்த்தில் அவருடைய அம்மா செய்வது பற்றிச் சொன்னார். ருவைதா அதில் மாதுளைச் சாறு விடுவார்களா என்று கேட்டாள். செயலாளருக்கும் சட்ட ஆலோசகருக்கும் அதில் கருத்து வேறுபாடு. நஜாஹ்கூட ஏதோ சொல்லிச் சிரித்தாள். அப்படியே பேசிக்கொண்டே போய், தட்டைப் பார்த்தால், ஒன்று இருந்தது.

எல்லாரும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். தட்டச்சுப் பெண் விரலைத் தூக்கிப் பிடித்தாள்.

நஜாஹ் கையை நீட்டினாள். நான் ருவைதாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் கிப்பேயைத் தொட்டன, எடுத்தன. பிறகு அவள் தலையைத் தூக்கினாள். எதிரில் பாஷா உட்கார்ந்திருந்தார், வயதான மனுஷன், அம்மாவைப் பற்றிப் பேசியவர். அவள் அதை அவருடைய பக்கம் வைத்தாள்.

“பாஷா, நீங்க எடுத்துக்கோங்க. உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சு.”

போச்சு என்று நினைத்தேன். பாஷா தலையை ஆட்டி மறுத்திருந்தால் போதும், வழக்கு அப்போதே தோற்றிருக்கும், நாங்களும் வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அவர் ஸல்த்துக்காரர், நல்ல குடும்பம். ஒரு பெண்பிள்ளை கொடுத்ததை உடனே எடுத்து வாயில் போட அவருக்கு எப்படி முடியும்? கையை நெஞ்சில் வைத்தார்.

“இல்ல ஹஜ்ஜா, நீங்கதான்.”

“உங்க தலைமேல ஆணையா நீங்கதான்.”

“முடியவே முடியாது. நீங்க சாப்பிடாம நான் இதை வாயில வச்சேன்னா என் பொண்டாட்டி எனக்குத் தலாக்.”

எங்கள் ஊர் ஆண்கள் இதை நாளெல்லாம் சொல்வார்கள். விருந்தாளி இன்னொரு கரண்டி சோறு வாங்க வேண்டும் என்றாலும் தலாக், காப்பி குடிக்காமல் போகக்கூடாது என்றாலும் தலாக். வீட்டில் பெண்டாட்டிகள் அடுப்படியில் அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இங்கே தட்டச்சுப் பெண் அதைத் தட்டிவிட்டாள்.

செயலாளர் ரித்வானுக்குப் பொறுக்கவில்லை. தலைவர் இருக்கும்போது கடைசித் துண்டு வேறு ஒருவருக்குப் போவதா? அவரும் நெஞ்சில் கை வைத்தார்.

“அதெப்படி? பாஷாவுக்கு முன்னாடி வேற யாராவது இந்தத் துண்டைத் தின்னா என் வீட்டுக்காரி தலாக்.”

அதுவும் பதிவானது. அதன் பிறகுதான் சட்ட ஆலோசகர் மெதுவாக எழுந்து நின்றார்.

“பாஷா, இப்ப ஒரு சிக்கல். இந்த அம்மா சாப்பிட்டா ரித்வானோட சம்சாரம் போயிடுவாங்க. நீங்க சாப்பிட்டா உங்க சம்சாரம் போயிடுவாங்க.”

“நீ சாப்பிடேன்” என்றார் பாஷா.

“நான் சாப்பிட்டாலும் ரித்வான் சம்சாரம்தான் போவாங்க.”

“எங்க வீட்டம்மாவையே ஏன் எல்லாரும் குறி வைக்கிறீங்க?” என்றார் ரித்வான்.

“சும்மா வாய் வார்த்தைதானே. அழிச்சிடும்மா” என்றார் பாஷா.

“இந்த மண்டபத்துல சொன்ன எதையும் அழிக்கக்கூடாதுன்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்க பாஷா” என்றாள் அந்தப் பெண். அதையும் தட்டினாள்.

“அப்ப குப்பையில போட்டுடலாமே” என்றார் தைசீர். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் பச்சைச் சட்டையையே குனிந்து பார்த்துக்கொண்டார்.

“பூனைக்கு…” என்று நஜாஹ் மெல்ல ஆரம்பித்தாள். ருவைதா அவள் காலை மிதித்தாள்.

வெகுநேரம் யோசித்தார்கள். தைசீர் வேறு வழியில்லாமல் நாடாவை எடுத்தார். துண்டு பாஷாவுக்குத்தான் மிக அருகில் இருந்தது. அவர் விதிப்படி பாஷாவின் பெயரைக் கேட்டார்.

“என் பேர் உனக்குத் தெரியாதா?”

“தெரியும் பாஷா. ஆனா கேக்கணும்.”

பாஷாவின் முகம் வெளுத்தது. சட்ட ஆலோசகர்தான் கடைசியில் காப்பாற்றினார். விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். “மிச்சம்னா என்ன? சாப்பாடு முடிஞ்ச பிறகு இருக்கிறது. சாப்பாடு எப்ப முடியுது? தட்டை எடுக்கும்போது. தட்டு மேசையில இருக்கிறவரைக்கும் சாப்பாடு நடந்துக்கிட்டிருக்கு. அப்ப இது மிச்சமே இல்ல. யாரும் குற்றவாளியும் இல்ல.”

பாஷா மூச்சு விட்டார். “தட்டை யாரும் தொடக்கூடாது” என்று உத்தரவிட்டார்.

“அப்படீன்னா” என்றாள் ருவைதா, “ஃபூல் கடையில இவர் படம் எடுத்தப்போ தட்டு எங்க இருந்துச்சாம்?”

தைசீர் படத்தைக் காட்டினார். தட்டு மேசையில்தான் இருந்தது, நஜாஹ்வின் கையை இடித்துக்கொண்டு. வழக்கு தள்ளுபடி ஆனது. தனி மேசை ரத்து. நஜாஹ் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, போகும்போது அந்தக் கிப்பேயை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். மேலே கண்ணாடி மூடி போட்டிருக்கிறார்களாம். மன்றத்தின் அன்றைய சாப்பாடு சட்டப்படி இன்னும் நடந்துகொண்டிருப்பதால், பக்கத்தில் முறை வைத்து ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே கடைகளைச் சோதிக்க ஆள் இல்லாமல் போனது. தைசீர் கண்ணாடி மூடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

அடுத்த வியாழக்கிழமை ஃபூல் கடையில் நஜாஹ் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். முட்டிவலி போய்விட்டது. அபூ ஃபவ்வாஸ் தேநீரில் மணத்துக்குப் போடும் மரமிய்யா இலையை இரு மடங்காகப் போட்டுக் கொடுத்தார். பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ருவைதா என் தோளைத் தட்டினாள்.

சுவரோரம், மஞ்சள் விரிப்புப் போட்ட குட்டி மேசையில், முன்திர் பாஷா தனியாக உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. தட்டில் ஒரு ஃபலாஃபில் மீதி. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபூ ஃபவ்வாஸ் குனிந்து சொன்னார்: “தினம் வர்றாரு. வீட்டம்மா கதவைத் திறக்கலையாம். அந்தக் கிப்பேக்கு ஒரு முடிவு தெரியட்டும், நான் உனக்குப் பொண்டாட்டியா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுச் சோறு போடுறேன்னு சொல்லிட்டாங்களாம். நான் நல்ல மேசை குடுத்தேன். அவராத்தான் அங்க போய் உக்காந்தாரு.”

“நல்லா வேணும்” என்றாள் ருவைதா.

நஜாஹ் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். போய் அவர் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து மறுத்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் மறுத்தார். மூன்றாம் முறை அவர் எழுந்து, தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம்.

“உங்க ஆய்வுக்குழு பார்த்த ஊர்ல இப்படி நகர்ந்து இடம் விடுவாங்களா பாஷா?” என்றாள் ருவைதா.

“அந்த ஊருக்கு நானும் போயிருந்தேன்” என்றார் பாஷா. “அங்க சாப்பாடு சீக்கிரம் முடிஞ்சுடும்.”

இன்னொரு தட்டு வந்தது. அவருடைய அம்மா கிப்பேயில் மாதுளைச் சாறு விடுவாளா மாட்டாளா என்ற விஷயத்தை ருவைதா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பாஷா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். நடுவில் ஒரு ஃபலாஃபில் மட்டும் மீந்தது. நஜாஹ் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் நெஞ்சில் கை வைத்து வாயைத் திறந்தார்.

“சத்தியம் மட்டும் வேணாம் பாஷா” என்றாள் ருவைதா. “மன்றத்துல ஒண்ணு மூடி போட்டு இருக்கு.”

அவர் வாயை மூடிக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினார். நான் ருவைதா பக்கம் தள்ளினேன். தேநீர் வந்தது, இன்னொரு தேநீர் வந்தது. பரிமாறுகிறவன் புது ஆள், வழக்கம் தெரியாதவன், தட்டை எடுக்கக் கையை நீட்டினான்.

பாஷா அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

“வைப்பா. நாங்க இன்னும் சாப்ட்டு முடிக்கல.”